கம்பெனி போச்சு, வண்டி போகவில்லை

மைசூரில் ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்த தொழிற்சாலை 1996-ல் நின்றுபோனது. அதன் பழைய வண்டிகளுக்கு இன்று டீலர் இல்லை, சர்வீஸ் சென்டர் இல்லை. இருந்தும் அவை ஓடுகின்றன. ஓட வைப்பவை ரசிகர்களின் கிளப்புகள். அந்தக் கிளப்புகளுக்கு இப்போது சோதனைக் காலம்.

ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரில் ஒரு விசித்திரமான ஊர்வலத்தைப் பார்க்கலாம். கொடி கிடையாது, கோஷம் கிடையாது. முதலில் வருவது சத்தம். புல்லட்டின் கனத்த 'டப் டப்' போல் இருக்காது. தகர டப்பாவைக் குச்சியால் தட்டுவது மாதிரி, தாளம் தப்பித் தப்பி ஒலிக்கும் 'டிங் டிங்'. பின்னாலேயே நீலப் புகையும் எண்ணெய் எரிந்த வாசனையும். அதற்கப்புறம்தான் வண்டிகள் கண்ணில் படும். மெரூன் நிறத்தில் பெட்ரோல் டாங்க், அதன் இரு பக்கமும் குரோமியப் பளபளப்பு, ஒரே ஒரு சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர். தூறலையும் பொருட்படுத்தாமல் வரிசை போகும்.

அன்றைக்கு சர்வதேச ஜாவா-யெஸ்டி தினம். பெங்களூரிலும் மைசூரிலும் மட்டுமல்ல, நாட்டின் இன்னும் பல நகரங்களிலும் அதே ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டிக்காரர்கள் கூடுகிறார்கள். பேங்கில் ரிடையரானவர், சாஃப்ட்வேர் கம்பெனி இளைஞர், ஒர்க்‌ஷாப் மெக்கானிக், தாத்தாவின் வண்டியை ஓட்டி வந்திருக்கும் கல்லூரி மாணவர் என்று கலவையான கூட்டம். பேச்சு முழுக்க கிராங்க், பாயின்ட், கார்புரேட்டர். மகன் புதிதாக என்ன வண்டி வாங்கியிருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. 'உங்க வண்டி எந்த வருஷம்?' என்பதுதான் அறிமுகக் கேள்வி.

பழைய வாகனங்களைக் கொண்டாடுவது இந்தியாவுக்குப் புதிதில்லை. டெல்லியில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் பழைய கார் பந்தயம் 1964-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்களும் தொழிலதிபர்களின் பென்ட்லிகளும் உலா வரும் இடம். அந்தக் கார்களுக்கு டிரைவர் உண்டு, தனி கராஜ் உண்டு. ஜாவா கதை வேறு. இது எல்.ஐ.சி. ஏஜென்ட்டும் பால்காரரும் காபித் தோட்டத்து மேஸ்திரியும் ஓட்டிய வண்டி. வீட்டு வாசலில் நின்ற வண்டி. அதனால் இதைக் காப்பாற்றும் கிளப்புகளிலும் ராஜ பரம்பரை இல்லை. சந்தா வசூலிப்பதே பெரும்பாடு.

செக் நாட்டிலிருந்து யாதவகிரிக்கு

ஜாவா என்ற பெயருக்கும் இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்கும் சம்பந்தமில்லை. செக்கோஸ்லோவாகியாவில் ஆயுதத் தொழிற்சாலை நடத்திவந்த ஃப்ரான்டிஷெக் யானெச்செக், 1929-ல் ஜெர்மனியின் வான்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். இரண்டு பெயர்களின் முதல் இரண்டு எழுத்துக்களையும் சேர்த்து 'ஜாவா' ஆனது. இரண்டாம் உலகப் போரில் செக் மண்ணை நாஜிகள் பிடித்திருந்தபோது, அந்தக் கம்பெனியின் எஞ்சினியர்கள் ஜெர்மானியர்களுக்குத் தெரியாமல் ஒரு 250 சி.சி. வண்டியை வடிவமைத்தார்கள். போர் முடிந்ததும் 1946-ல் அது வெளிவந்தது. பெயர் பெராக். பிற்காலத்தில் மைசூரில் பிறந்த வண்டிகளுக்கு மூதாதை அதுதான்.

சுதந்திர இந்தியாவில் வெளிநாட்டு வாகன இறக்குமதிக்குக் கதவு சாத்தப்பட்டபோது, உள்ளூரில் தயாரிப்பது ஒன்றே வழி என்றானது. சென்னையில் என்ஃபீல்டு, பம்பாயில் லாம்ப்ரெட்டா என்று வெளிநாட்டு உரிமத்தில் தொழிற்சாலைகள் முளைத்த காலம் அது. பார்சி சமூகத்தைச் சேர்ந்த ரஸ்டம் இரானியும் ஃபரோக் இரானியும் ஜாவாவுக்கு உரிமம் வாங்கினார்கள். மைசூரின் யாதவகிரியில் 'ஐடியல் ஜாவா' தொழிற்சாலை எழுந்தது. அன்றைய மைசூர் மாநில கவர்னராக இருந்த ஜெயசாமராஜேந்திர உடையார் திறந்துவைத்தார். 1961-ல் வண்டிகள் வெளிவரத் தொடங்கின.

எழுபதுகளின் முற்பகுதியில் டாங்கில் இருந்த பெயர் மாறியது. 1973 முதல் அதே வண்டிகள் 'யெஸ்டி' ஆயின. இரானி குடும்பத்தின் வேர் பாரசீகத்தில். அங்கே யஸ்த் என்பது ஜரதுஷ்டிர மதத்தினரின் பழைய நகரம். பெயரில் அந்த ஊரின் ஞாபகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1978-ல் வந்த 'ரோட்கிங்'தான் யெஸ்டி வரிசையில் அதிகம் பேசப்பட்ட வண்டி. சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு யெஸ்டியின் சத்தம் இன்றும் காதில் இருக்கும்.

வீழ்ச்சி ஜப்பானிலிருந்து வந்தது. 1984-ல் இன்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம், அடுத்த ஆண்டு கவாஸாகி பஜாஜ் என்று 100 சி.சி. வண்டிகள் வரிசை கட்டின. எடை குறைவு, பெட்ரோல் செலவு குறைவு, ஒரே உதையில் ஸ்டார்ட். மைசூர் வண்டியோ அறுபதுகளின் அச்சிலேயே நின்றது. தொழிலாளர் பிரச்னை சேர்ந்துகொண்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 1996-ல் இன்னும் இறுகின. அந்த ஆண்டோடு உற்பத்தி நின்றது. ஒரு வேடிக்கை: யெஸ்டியை விரட்டிய ஆர்.எக்ஸ். 100-ன் உற்பத்தியும் அதே 1996-ல்தான் முடிந்தது. இன்று அதற்கும் ரசிகர் பட்டாளம் இருக்கிறது.

கிக்கரே கியர்

இந்த வண்டி மேல் ஏன் இவ்வளவு பிரியம்? அழகு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அதன் குணம். ஜாவாவை முதன்முதலில் ஓட்டுபவர் திணறுவது நிச்சயம். ஸ்டார்ட் செய்யும் கிக்கர் வலப் பக்கம் இருக்காது, இடப் பக்கம் இருக்கும். உதைத்து ஸ்டார்ட் ஆனதும் அதே லீவரை முன்பக்கம் தள்ளினால் அதுவே கியர் லீவர்! ஒரே இரும்புத் துண்டுக்கு இரண்டு வேலை. இன்னொரு அதிசயம், கியர் லீவரைக் காலால் அழுத்தும்போதே கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும். பழகியவர்கள் கையிலுள்ள கிளட்ச்சைத் தொடாமலே கியர் மாற்றுவார்கள். நெரிசலான தெருவில் இதைச் செய்து காட்டுவது ரசிகர்களுக்குள் ஒரு தனிப் பெருமை.

எஞ்சின் டூ-ஸ்ட்ரோக் ரகம். வால்வு கிடையாது, கேம் கிடையாது. முக்கியமாக அசைவது மூன்றே மூன்று: பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க். அதனால்தான் கர்நாடகக் கிராமத்துச் சைக்கிள் கடைக்காரர்கூட ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துக்கொண்டு இந்த எஞ்சினைப் பிரித்துச் சேர்க்க முடிந்தது. ஆனால் எளிமைக்கு ஒரு விலை உண்டு. எஞ்சினுக்குள் மசகு எண்ணெய் தனியாகச் சுற்றுவதில்லை. பெட்ரோலில் லிட்டருக்கு 30, 40 மில்லி எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். குறைந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக்கில் கரி.

மலைப்பாதையில் இறங்குவதற்கும் தனிப் பாடம் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு நெடுந்தூரம் இறங்கினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகாவிட்டால் அதில் கலந்த எண்ணெயும் போகாது. சக்கரத்தின் வேகத்தில் பிஸ்டன் வறண்ட நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். குடகிலும் நீலகிரியிலும் ஓட்டிப் பழகியவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகி, எஞ்சினுக்கு ஒரு வாய் எண்ணெய் ஊட்டிக்கொண்டே இறங்குவார்கள். புதிதாக வண்டி வாங்கிய இளைஞருக்குப் பக்கத்தில் ஓட்டிவரும் மூத்த உறுப்பினர்தான் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கிளப் என்றால் என்ன என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

ஞாயிற்றுக்கிழமைத் தொழிற்சாலை

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு கிளப் என்பது கறுப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை மைசூர் சாலையில் போய் மத்தூர் வடை தின்றுவிட்டு வருகிற கூட்டம். அதுவும் உண்மைதான். ஆனால் வடைக்கு அப்பால் நடக்கும் வேலை பெரிது. பெங்களூர் ஜாவா யெஸ்டி மோட்டார் சைக்கிள் கிளப் போன்ற அமைப்புகள், கம்பெனியும் டீலரும் மெக்கானிக் பயிற்சிப் பள்ளியும் சேர்ந்து செய்திருக்க வேண்டிய வேலையைத் தலையில் சுமக்கின்றன.

புல்லட் ரசிகர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. சென்னையின் என்ஃபீல்டு கம்பெனியும் ஒருகாலத்தில் தள்ளாடியதுதான். ஆனால் தொண்ணூறுகளில் அது ஐஷர் குழுமத்தின் கைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது. இன்றைக்குப் புல்லட் ரசிகர்களின் திருவிழாவைக் கம்பெனியே நடத்துகிறது. ஸ்பேர் கேட்டால் கடையில் கிடைக்கிறது. ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், லாம்ப்ரெட்டா எல்லாம் பெற்றோர் இல்லாத பிள்ளைகள். அவற்றுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள வண்டி வைத்திருப்பவர்கள்தான்.

ஒரு வண்டி உயிர்பெறும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறது. அப்பாவோ பெரியப்பாவோ ஓட்டிய ஜாவா மாட்டுக் கொட்டகையில் கிடக்கும். மேலே வைக்கோல், உள்ளே எலிக் குடும்பம். டாங்க் துருப்பிடித்திருக்கும், பிஸ்டன் அசையாது. கிளப்பில் சொன்னால் முதலில் வருவது அறிவுரை: உதைக்காதே. சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். பிறகு மெதுவாகப் பிரிக்க வேண்டும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் கடைந்து அகலப்படுத்தி, அடுத்த அளவு பிஸ்டன் போட வேண்டும். அதற்கும் இடமில்லாத அளவுக்கு ஏற்கெனவே கடைந்திருந்தால் புது ஸ்லீவ்.

கஷ்டமான கட்டம் கிராங்க். இந்த எஞ்சினின் கிராங்க் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. கனெக்டிங் ராடையும் பேரிங்கையும் மாற்ற வேண்டுமானால் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, மறுபடி அழுத்தி, இரண்டு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் சுற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மயிரிழை தப்பினால் வண்டி உதறும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் போய்விடும். செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேர் செய்யத் தெரிந்தவர் யார், எந்த ஊர்ச் சந்தில் இருக்கிறார், திங்கட்கிழமை கடை உண்டா என்கிற விவரமெல்லாம் கிளப் உறுப்பினர்களின் தலைக்குள் இருக்கும். அச்சடித்த டைரக்டரி எதிலும் கிடைக்காது.

உதிரி பாகங்களுக்கு ஒரு தனி வரைபடமே உண்டு. பெங்களூரில் ஜே.சி. ரோடு, சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை. டெல்லியில் கரோல் பாக். மூடிப்போன டீலர்களின் குடோனில் எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் கிடக்கும் பழைய சரக்குக்குத்தான் மவுசு அதிகம். செக் நாட்டில் பழைய ஜாவாக்களுக்குப் புதிதாகப் பாகங்கள் செய்பவர்கள் இருக்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து வரவழைப்பது உண்டு. எங்கும் கிடைக்காத ரப்பர் புஷ்ஷோ சைலன்ஸர் வளையமோ என்றால், ஒருவருடைய நல்ல சாம்பிளைக் கொடுத்து லேத் பட்டறையில் ஐம்பதாகச் செய்து பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருவருக்காக ஒன்று செய்தால் கட்டுப்படியாகாது, ஐம்பது பேருக்கென்றால் ஆகும். கிளப்பின் பொருளாதாரம் அவ்வளவுதான்.

சண்டையும் இல்லாமல் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நட்டு போல்ட்டுகூட மாறக் கூடாது என்பது ஒரு கட்சி. டாங்கின் ஓரத்தில் போகும் மெல்லிய தந்தநிறக் கோட்டை ஸ்டிக்கரில் ஒட்டினால் இவர்களுக்குப் பாவம். பெயின்டர் கையால் இழுக்க வேண்டும். ஆறு வோல்ட் விளக்கு மின்மினி மாதிரி எரிந்தாலும் பரவாயில்லை. மற்றொரு கட்சி தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிறவர்கள். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றி, பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தினால்தான் லாரிகளுக்கு நடுவே ராத்திரியில் உயிரோடு வீடு சேர முடியும் என்பது இவர்கள் வாதம். இருவரும் ஒரே மேஜையில் காபி குடிக்கிறார்கள். ஆனால் இந்தச் சண்டை வெறும் ருசி பேதமாக இருந்த காலம் போய்விட்டது. சட்டமே இப்போது இரண்டு கட்சியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறது.

ஆர்.சி. புத்தகத்தின் ஆயுள்

எஞ்சினைவிட கஷ்டமான ரிப்பேர் காகித ரிப்பேர். தனியார் மோட்டார் சைக்கிளின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கு. அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கொட்டகையில் தூங்கிய வண்டிக்கு யார் புதுப்பித்தார்கள்? பதிவு செய்தவர் இறந்திருப்பார். ஆர்.சி. புத்தகத்தைக் கரையான் தின்றிருக்கும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பழைய லெட்ஜர் கணிப்பொறிக்கு ஏறியிருக்காது. எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த வண்டி எவ்வளவு பளபளத்தாலும் இரும்புதான். கிளப்புகளில் இந்த வழிமுறை தெரிந்த ஒருவர் இருப்பார். வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், பழைய பதிவேட்டு நகல் என்று எந்த ஜன்னலில் எதைக் கொடுப்பது என்று அவருக்குத்தான் தெரியும். நல்ல மெக்கானிக்குக்கு இருக்கும் மரியாதை இவருக்கும் உண்டு.

புதுப்பிக்கும் கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. பழைய மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆனது. சில மாநிலங்களில் பசுமை வரி தனி. பணக்காரருக்கு இது ஒன்றுமில்லை. ஐந்து யெஸ்டியைப் பாகங்களுக்காகவும் பாசத்துக்காகவும் வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு இது யோசிக்க வேண்டிய தொகை.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று முதன்முறையாகத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'வின்டேஜ்' என்று பதிவு பெறலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். அப்புறம் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிகிற வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். ரசிகர்கள் இதை வரவேற்றார்கள். பழைய வண்டி என்றாலே காயலான் கடைச் சரக்கு என்று பார்த்த சட்டம், முதல் தடவையாக அதை மரபுச் சொத்து என்று ஒப்புக்கொண்டது.

ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. வின்டேஜ் பதிவு பெற்ற வண்டியைத் தினசரி சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்ற காரியங்களுக்கு மட்டுமே அனுமதி. ஆபீசுக்குப் போய்வர ஜாவா ஓட்டுகிறவருக்கு இந்தக் கௌரவம் தேவைப்படாது. அதை ஏற்றால் வண்டி ஷோகேஸ் பொம்மை. ஏற்காவிட்டால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் படலம். பன்னிரண்டு வோல்ட்டுக்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கும் மாற்றியவருக்கு இன்னொரு பயமும் உண்டு. பெரிய மாற்றம் என்று எதைச் சொல்வார்கள்?

வயதுக் கணக்கும் விநோதமானது. ஜாவா என்ற பெயரோடு வந்த வண்டிகள் எல்லாம் ஐம்பதைத் தாண்டிவிட்டன. 1978-ல் வந்த முதல் ரோட்கிங்குக்கு 2028-ல்தான் தகுதி வரும். கடைசி யெஸ்டிக்கு 2046-ல். அதுவரை அது பழம்பெரும் வாகனமும் இல்லை, நவீன வாகனமும் இல்லை. வெறும் பழைய வண்டி.

வெறும் பழைய வண்டியாக இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை டெல்லிக்காரர்கள் அறிவார்கள். காற்று மாசைக் காரணம் காட்டி, 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 அன்று அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்கில் பெட்ரோலே கிடையாது என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வண்டிக்காரர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பாரத் ஸ்டேஜ் 4-ம் அதற்குப் பிந்தியதுமான வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. பாரத் ஸ்டேஜ் என்ற பேச்சே எழாத காலத்தில் பிறந்த யெஸ்டிக்கு அதில் இடமில்லை. பெங்களூரில் இப்படிப்பட்ட தடை இல்லை. ஆனால் டெல்லியில் பெய்யும் மழைக்குத் தங்கள் ஊரிலும் குடை பிடிக்க வேண்டிவருமோ என்ற கவலை தென்னாட்டு வண்டிக்காரர்களிடமும் இருக்கிறது.

புகையும் பெட்ரோலும்

மாசுக் குற்றச்சாட்டைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெயையும் எரிக்கிறது. எரியாத பெட்ரோலில் ஒரு பகுதியை அப்படியே சைலன்ஸர் வழியே துப்பவும் செய்கிறது. சட்டமும் இதை அறிந்தே அளவு வைத்திருக்கிறது. 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வாகனத்தின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதம் வரை இருக்கலாம். ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 9,000 பங்கு வரை. நன்றாகப் பராமரித்த வண்டி இந்தச் சோதனையில் தேறும். சரியாக எண்ணெய் கலக்காத, கார்புரேட்டர் தேய்ந்த வண்டி தேறாது. தவிர, ஞாயிற்றுக்கிழமை முப்பது கிலோமீட்டர் ஓடும் சில நூறு வண்டிகளும் நாள் முழுக்க ஓடும் லட்சக்கணக்கான வாகனங்களும் ஒன்றல்ல என்பது ரசிகர்களின் வாதம். நியாயம்தான். ஆனால் அதே வாதம், வண்டி தினமும் ஓட வேண்டும் என்ற அவர்களுடைய ஆசைக்கு எதிராகவும் திரும்பும்.

பெட்ரோலே இப்போது பகையாகிவிட்டது. நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரும்பு டாங்க்குக்குள் துரு ஏறும். அறுபதுகளின் ரப்பர் வாஷரும் குழாயும் ஊறி உப்பும் அல்லது வெடிக்கும். வாரம் ஒருமுறை மட்டும் ஓடும் வண்டிக்கு இது இரட்டைக் கஷ்டம், ஏனென்றால் டாங்கில் பெட்ரோல் நாள்கணக்கில் நிற்கிறது. வண்டியை நிறுத்துமுன் கார்புரேட்டரை வற்றவிடுவது, குழாய்களைப் புதிய ரகத்துக்கு மாற்றுவது, டாங்க்குக்கு உள்பூச்சு கொடுப்பது என்று கைவைத்தியங்கள் கிளப்புக்குக் கிளப் பரவுகின்றன.

பெயருக்குப் போட்டி

இதற்கிடையில் செத்துப்போன பெயர்களுக்கு திடீரென்று மதிப்பு வந்தது. மஹிந்திரா ஆதரவுடன் தொடங்கிய கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018 நவம்பரில் ஜாவாவை மறுபடி கொண்டுவந்தது. ரஸ்டம் இரானியின் மகன் போமன் இரானியும் அதில் பங்குதாரர். புது வண்டி 293 சி.சி., ஃபோர்-ஸ்ட்ரோக், தயாராவது மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில். ஆனால் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சைலன்ஸர் என்ற அடையாளத்தை விட்டுவிடவில்லை. 2022 ஜனவரியில் யெஸ்டியும் வந்தது.

யெஸ்டி என்ற பெயர் யாருடையது என்ற கேள்வி அதற்கு முன்பே நீதிமன்றம் ஏறியிருந்தது. மைசூர்க் கம்பெனியைக் கலைக்க உத்தரவாகி, அதன் சொத்துகள் அரசு லிக்விடேட்டரிடம் இருந்தன. பெயரும் கம்பெனியின் சொத்துதான் என்று பழைய தொழிலாளர் சங்கம் வழக்காடியது. 2022 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி பெயர் கம்பெனிக்கே சொந்தம் என்றார். 2025-ல் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து போமன் இரானிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

பெயர் திரும்பியதில் பழைய வண்டிகளுக்கு என்ன லாபம்? புது ஜாவாவின் பாகம் எதுவும் பழைய ஜாவாவுக்குப் பொருந்தாது. கிடைத்தது விளம்பரம். அதன் விளைவாக விலை ஏறியது. முன்பு காயலான் கடைக்காரர் எடைக்கு வாங்கிய எஞ்சின் கூட்டுக்கு இப்போது பேரம் நடக்கிறது. ஓட்டத் தெரியாதவர்களும் முதலீடு என்று வாங்கி வீட்டு ஹாலில் நிறுத்துகிறார்கள். ஓட்டுவதற்கென்று வண்டி தேடும் இளைஞருக்கும் மெக்கானிக்குக்கும் அது எட்டாத உயரத்துக்குப் போகிறது. வண்டியைக் காப்பாற்ற ஆரம்பித்த ஆர்வமே அதை ஓட்டுகிறவர் கையிலிருந்து பிடுங்குகிறது என்ற ஆதங்கம் மூத்த உறுப்பினர்களிடம் இருக்கிறது.

பாகங்களைச் செய்துவிடலாம், காகிதத்தைத் தேடி எடுத்துவிடலாம். திரும்ப வாங்க முடியாதது மெக்கானிக்கின் கை. இக்னிஷன் டைமிங் வைப்பதையே எடுத்துக்கொள்ளலாம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில மில்லிமீட்டர் முன்னால் பாயின்ட் திறக்க வேண்டும். அதற்கு மீட்டர் இருக்கிறது. ஆனால் பழைய மெக்கானிக் சிகரெட் பாக்கெட்டின் மெல்லிய தாளைக் கிழித்துப் பாயின்ட்டுகளுக்கு நடுவே வைப்பார். ஒரு கையால் எஞ்சினை மெல்லச் சுற்றுவார். மற்றொரு கை தாளை லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். தாள் வழுக்கும் கணம்தான் பாயின்ட் திறக்கும் கணம். அங்கே ஸ்க்ரூவை இறுக்குவார். சில நிமிட வேலை. பிறகு ஒரு உதை; வண்டி பேசும்.

மைசூர்த் தொழிற்சாலையிலும் அதன் டீலர்களிடமும் இதைக் கற்றவர்களுக்கு இன்று எழுபது வயதை ஒட்டி இருக்கும். கம்ப்யூட்டரை வண்டியில் செருகிக் கோளாறு பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு இந்தத் தாள் வித்தை தேவையில்லை. அவர்களுடைய சம்பளம் அதில் இல்லை. ஆகவே கிளப்புகளில் வடைப் பயணத்தைவிட முக்கியமான கூட்டம், யாராவது ஒருவர் வீட்டுப் போர்ட்டிகோவில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம்தான். பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சாஃப்ட்வேர் இளைஞர்கள் நகக்கண்ணில் கிரீஸோடு செய்து பார்க்கிறார்கள். செல்ஃபோனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். தாள் எந்தக் கணத்தில் வழுக்கியது என்பது மட்டும் படத்தில் தெரிவதில்லை. அதைத் தாங்களே இழுத்துப் பார்த்தால்தான் விரலுக்குத் தெரிகிறது.

கடைசி யெஸ்டி பழம்பெரும் வாகனமாக 2046 ஆக வேண்டும். அதற்கான பாரமும் கட்டணமும் சட்டத்தில் தயாராக இருக்கின்றன. அன்றைக்கு அதை உதைத்து ஸ்டார்ட் செய்து காட்ட ஆள் வேண்டுமென்றால், அந்த ஆள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு போர்ட்டிகோவில் சிகரெட் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.